சின்னத் தொட்டிதான் ஈஸி என்று நினைத்தேன்!

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு ரோஜாச் செடி இருக்கிறது. அதன் மண்ணுக்குள் இரண்டு மீன்கள் இருக்கின்றன. புதைத்தவன் என் மகன். அப்போது அவனுக்கு ஒன்பது வயது.

'ஃபைண்டிங் நீமோ' படத்தை அவன் எத்தனை முறை பார்த்தான் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட அந்த மீன் வேண்டும் என்று ஒரு வருஷமாக நச்சரித்தான். முழுப் பரீட்சை லீவில் ஒருநாள், சரி என்று கொளத்தூருக்குக் கூட்டிப்போனேன். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தானே!

நீமோ கடல் மீன், அதற்கு உப்புத் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்பதே அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும். "முதல் தடவையா மேடம்? அப்ப சின்னதா ஆரம்பிங்க. அதுதான் ஈஸி" என்றார் கடைக்காரர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சைக்கிள் பழகும் பிள்ளைக்குச் சின்ன சைக்கிள்தானே வாங்கித் தருகிறோம்? நீளம், அகலம், உயரம் எல்லாமே ஓரடி. ஸ்டூல் மேலேயே வைத்துவிடலாம். தொட்டி, உப்பு பாக்கெட், ஃபில்டர், இரண்டு மீன்கள் என எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

மே மாத வெயில். தண்ணீர் சூடாகிவிடக் கூடாதே என்று டேபிள் ஃபேனைத் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்தேன். தினமும் காலையில் பார்த்தால் முக்கால் லிட்டர் தண்ணீர் குறைந்திருக்கும். லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று அளந்து கரைத்து, நானே ஊற்றி நிரப்புவேன். மீனுக்குச் சாப்பாடு போடுவது மகன் வேலை.

பன்னிரண்டாம் நாள் ஒரு மீன் செத்து மிதந்தது. இரண்டு நாள் கழித்து அடுத்தது.

"சாப்பாடு அதிகமாப் போட்டியாடா?" என்று கேட்டேன். கேள்வியாகத்தான் கேட்டேன். அவன் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டான். ஒன்றும் பேசவில்லை. நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். யாரோ ஒருவர் மேல் பழியைப் போட்டுவிட்டால் மனசுக்கு ஒரு நிம்மதி, இல்லையா?

அதன் பிறகு ஒன்றைக் கவனித்தேன். காக்காவுக்குச் சாதம் வைக்கச் சொன்னால், உருட்டிக் கொடுத்த உருண்டையைப் பாதியாக்கி வைப்பான். ஏன் என்று கேட்டதற்கு, "நிறைய சாப்பிட்டா அதுக்கு ஏதாவது ஆயிடும்மா" என்றான்.

ஆறு மாதம் கழித்து, உறவினர் வீட்டு விசேஷத்துக்காக மறுபடி கொளத்தூர் பக்கம் போனோம். வேறொரு மீன் கடை. மகன் வாசலிலேயே ஃபைட்டர் மீன் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். உள்ளே இருந்த பெரியவரிடம் எங்கள் கதையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "தண்ணி குறைஞ்சப்ப என்னம்மா ஊத்தினீங்க?"

"உப்புத் தண்ணிதான். கடல் மீனாச்சே!"

"ஆவியாப் போறது தண்ணி மட்டும்தாம்மா. உப்பு தொட்டியிலயே தங்கிடும். அதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும்."

எனக்குச் சுருக்கென்றது. மரக்காணம் வழியாகப் போகும்போது உப்பளத்தைக் காட்டி, கடல் தண்ணீர் காய்ந்தால் உப்பு மிஞ்சும் என்று மகனுக்குப் பாடம் எடுத்தவளே நான்தான்! மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொட்டியில் இருந்தது 25 லிட்டர் தண்ணீர். பன்னிரண்டு நாளில் நான் கூடுதலாகச் சேர்த்த உப்பு 300 கிராமுக்கு மேல். இருக்க வேண்டிய உப்பைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

"அன்னிக்கே மீனை விட்டதும் தப்புதாம்மா" என்றார் அவர். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுவதற்கு நல்ல பாக்டீரியாக்கள் வேண்டும். அவை தொட்டிக்குள் வளர நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் அவை எங்கே இருக்கும்?

"சின்னத் தொட்டியை வெச்சு சமாளிக்கறது கைதேர்ந்தவங்க வேலை. புதுசா ஆரம்பிக்கிறவங்க தப்பு பண்ணுவாங்க. தாங்கறதுக்குத் தண்ணி வேணும்ல?"

இத்தனை நாள் நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது அந்தப் பேச்சு. மகன் காதில் இது எதுவுமே விழவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால், யாருக்கும் தெரிந்திருக்காது.

அன்று ராத்திரி படுக்கையில் சொன்னேன். "மீன் செத்ததுக்கு நீ காரணம் இல்லடா. அம்மாதான் தப்பா உப்பு போட்டுட்டேன்." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்ப நான் போட்ட சாப்பாடு இல்லையா?" என்றான். "இல்ல." தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். ஆறு மாத அழுகை அது.

அடுத்த வாரம் நோட்டும் பென்சிலுமாக இருவரும் உட்கார்ந்தோம். அடிக் கணக்கில் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி, வருவதை 28ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். எங்கள் பழைய தொட்டி 28 லிட்டர். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் கிட்டத்தட்ட 190 லிட்டர். ஏறக்குறைய ஏழு மடங்கு! அதே தப்பை இதில் செய்தால் ஏழில் ஒரு பங்குதான் உறைக்கும்.

"அப்ப ஆறடித் தொட்டி வாங்கலாம்மா!" என்றான். அதற்கும் பெரியவர் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார். வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். உங்களால் வாராவாரம் எவ்வளவு தண்ணீர் தூக்க முடியும்? அதுதான் உங்கள் தொட்டியின் அளவு. 190 லிட்டருக்கு 19 லிட்டர். அதாவது நம் வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் ஒன்று. அதற்கு உப்பு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சமையல் உப்பு உதவாது. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கலந்த மீன் தொட்டி உப்புதான் வேண்டும். மாதச் செலவையும் எழுதிப் பார்த்தோம். மூன்றடிக்கு மேல் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

"மெரினாலேர்ந்து எடுத்துட்டு வந்தா காசே இல்லையே?" என்று கேட்டான். ஊர்ச் சாக்கடையும் அங்கேதானே கலக்கிறது!

எடையையும் மறக்கக் கூடாது. தண்ணீர் மட்டுமே 190 கிலோவுக்கு மேல். கண்ணாடி, ஸ்டாண்ட், கல் எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தொடும். நாங்கள் குடியிருப்பது முதல் மாடி, வாடகை வீடு. ஹவுஸ் ஓனரிடம் முன்கூட்டியே சொன்னோம். அவர் கொத்தனாரை அழைத்து வந்து, கீழே பீம் ஓடும் சுவரோரத்தைக் காட்டச் சொல்லி, அங்கேதான் வைக்க வேண்டும் என்றார்.

மீன் இல்லாத தொட்டி ஆறு வாரம் ஓடியது. வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மகன் மட்டும் டெஸ்ட் கிட்டை வைத்துக்கொண்டு அம்மோனியா பச்சையா, மஞ்சளா என்று பார்த்துக் காலண்டரில் எழுதினான். மஞ்சளே வந்துகொண்டிருந்த பிறகுதான் மீன் வாங்கினோம். கடலில் பிடித்தது வேண்டாம், தொட்டியில் பிறந்ததே போதும் என்று கேட்டு ஒரு ஜோடி நீமோ வாங்கினோம். டோரியும் கேட்டான். அது ஓரடி நீளம் வரை வளரும் மீன், நம் தொட்டி அதற்குச் சிறை என்றதும் அவனே வேண்டாம் என்றுவிட்டான். பவளமும் கடல் குதிரையும் கேட்கவே கூடாது. இரண்டும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

போன மாதம் சாப்பாட்டு டப்பா அவன் கை தவறித் தொட்டிக்குள் கவிழ்ந்தது. முகம் வெளுத்துவிட்டது. வலையால் முடிந்த மட்டும் அள்ளினோம். ஒரு கேன் தண்ணீரை மாற்றினோம். மறுநாள் டெஸ்ட் செய்தான். மஞ்சள்! "தண்ணி நிறைய இருக்குல்லம்மா, அதான் தாங்கிடுச்சு" என்றான்.

இப்போது காக்காவுக்கு முழு உருண்டையைத்தான் வைக்கிறான்.