கட்டுச்சோறு விமானம் ஏறுகிறது

அதிகாலை மூன்றரை மணி. கோவில்பட்டியில் அம்மா வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிகிறது. மதுரை விமான நிலையம் அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். நானும் குழந்தைகளும் எழுந்து பல் துலக்குவதற்குள் அம்மா புளிக்காய்ச்சலைச் சோற்றில் கிளறி ஆறவைத்துவிட்டாள். இட்லி இருபது, இருபுறமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் பொதிந்தாயிற்று. சீனி தூவிய சப்பாத்திச் சுருள் சின்னவனுக்கு. முறுக்கு ஒரு டப்பா. ஊர்ப் பெருமையான கடலைமிட்டாய் இரண்டு பொட்டலம்.

"பிளேன்ல சாப்பாடு விக்கிறாங்கம்மா" என்றேன்.

"விப்பாங்க. பிள்ளைக சாப்பிடணும்லா?"

அம்மாவுக்கு 74 வயது. விமானம் ஏறியதில்லை. அவள் மனதில் டெல்லி என்பது இன்றும் இரண்டு இரவு, ஒரு பகல். 2004இல் நான் அங்கே வேலைக்குப் போனபோது சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்தான். முதல் இரவுக்கு இட்லி, மறுநாள் பகலுக்குப் புளிச்சோறு, அன்று இரவுக்குத் தயிர்ச்சோறு. அந்தத் தயிர்ச்சோற்றில் தயிர் பெயருக்குத்தான் இருக்கும். பாலை ஊற்றிப் பிசைந்து, ஒரு கரண்டி தயிரை உறைக்கு விட்டால், பெட்டிக்குள்ளேயே உறைந்து சாப்பிடும் நேரத்தில் பதமாக இருக்கும். நாக்பூரைத் தாண்டுகிறோமோ இல்லையோ, எந்த வேளைக்கு எந்தப் பொட்டலம் என்ற கணக்கு தவறாது. பயணம் மூன்று மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. அம்மாவின் கணக்கு சுருங்கவில்லை.

ஒருவகையில் அவள் கணக்கே திரும்ப வந்திருக்கிறது. ஒரு காலத்தில் விமானத்தில் சாப்பாடு டிக்கெட்டோடு சேர்ந்தது. பணிப்பெண் தட்டை நீட்டுவார், நாமும் கௌரவமாக வாங்கிக்கொள்வோம். 2003இல் ஏர் டெக்கான் பறக்கத் தொடங்கி, டிக்கெட் வேறு சாப்பாடு வேறு என்று பிரித்தது. பின்னால் வந்த மலிவுக் கட்டண நிறுவனங்களும் அதே வழியில் போயின. கொரோனா காலத்தில் சில மாதங்கள் உள்நாட்டு விமானங்களில் சாப்பாடே நின்றுபோனது. இப்போது மூன்று பேருக்கு சாண்ட்விச்சும் ஜூஸும் வாங்கினால் எங்கள் வீட்டில் இரண்டு நாள் காய்கறிச் செலவு போய்விடுகிறது. கட்டுச்சோறு மீண்டும் பயணத்துக்கு வந்ததில் வியப்பில்லை.

ஆனால் ரயிலுக்கு இல்லாத சட்டங்கள் ஆகாயத்துக்கு உண்டு. கைப்பை பொதுவாக 7 கிலோவைத் தாண்டக் கூடாது. இட்லி, சப்பாத்தி, முறுக்கு போன்ற திடப்பொருள்களுக்கு யாரும் தடை சொல்வதில்லை. கைக்குழந்தைக்கான பாலும் உணவும் சோதனைக்குப் பின் அனுமதிக்கப்படும். நெய், ஊறுகாய், குழம்பு என்றால்தான் சிக்கல். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்ட பிறகு உலகமெங்கும் திரவங்கள்மீது சந்தேகம் வந்துவிட்டது. கொப்பரைத் தேங்காய் கதை வேறு. எண்ணெய்ச் சத்து மிகுந்த அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் ஆபத்தான சரக்குப் பட்டியலில் இருக்கிறது. கோயில் பிரசாதத் தேங்காய்க்கும் இதே கதி நேர்வதுண்டு.

இவ்வளவும் தெரிந்த நான்தான் தவறு செய்தேன். அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாய், அரைக் கிலோ பாட்டில். பெரிய பெட்டியில் வைத்தால் உடைந்து துணியெல்லாம் பாழாகுமென்று கைப்பையில் வைத்தேன். எக்ஸ்ரே இயந்திரம் நின்றது. காவலர் பெண்மணி பையைத் திறந்து பாட்டிலை வெளியே எடுத்தார். கோபமில்லை, குரல் உயரவில்லை. "பெரிய பெட்டியில் போட்டுவிட்டு வாருங்கள்" என்றார். பெட்டி போய் அரை மணி நேரமாகியிருந்தது. "வழியனுப்ப வந்தவர்களிடம் கொடுங்கள்." தம்பி கார் எடுத்துக்கொண்டு போய்விட்டான். வரிசை பின்னால் நீண்டது. பாட்டிலை மேசையில் விட்டுவிட்டு நடந்தேன். மூடியைச் சுற்றி அம்மா கட்டியிருந்த வெள்ளைத் துணி திரும்பிப் பார்த்தபோதும் தெரிந்தது.

சென்னையில் விமானம் மாறவேண்டும். டெல்லியில் புழுதிப்புயல் என்று அறிவித்தார்கள். ஜூன் மாதத்து டெல்லிக்கு இது புதிதல்ல. தாமதம் ஒரு மணி நேரம் என்றார்கள், பிறகு இரண்டு, கடைசியில் இரண்டே முக்கால். விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதிப்படி, இரண்டரை மணி முதல் ஐந்து மணி வரையிலான பயணமென்றால் தாமதம் மூன்று மணி நேரத்தை எட்டினால்தான் நிறுவனம் உணவு தரவேண்டும். எங்களுக்குக் கால் மணி நேரம் குறைந்தது.

ஆறு வயது மகனுக்கு விதியும் தெரியாது, வெட்கமும் கிடையாது. இலையைப் பிரித்து ஐந்து இட்லியை உள்ளே தள்ளினான். பன்னிரண்டு வயது மகள் இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். "இங்கே எதுக்கும்மா பிரிக்கிறே? எல்லாரும் பாக்கறாங்க. வாசனை வேற." யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் என்ன என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. டெல்லிக்குப் போன முதல் வருடம் அலுவலகத்தில் என் டிபன் டப்பாவைப் பாதி மூடியபடி சாப்பிட்டவள் நான்.

விமானம் ஏறி மேலே போனதும் முறுக்கோடு வாங்கியிருந்த சிப்ஸ் பாக்கெட் பலூன்போல் உப்பியது. மகன் குதித்தான். கேபினுக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதைப் போலத்தான் இருக்கும். பாக்கெட்டுக்குள் அடைபட்ட தரைக் காற்று விரிகிறது. தயிர் டப்பாவையோ பாயச டப்பாவையோ திறக்கும்போது முகத்தில் தெறிப்பதும் இதனால்தான்.

நடைவழிக்கு அந்தப் பக்கம் ஒரு ராஜஸ்தானிக் குடும்பம், சவுகார்பேட்டைக்காரர்கள். தாத்தா, பாட்டி, இரண்டு பேரப்பிள்ளைகள். பாட்டி கூச்சமில்லாமல் காகிதத்தை விரித்துப் பூரி எடுத்தார். மாங்காய் ஊறுகாய் மணம் வரிசை முழுவதும் பரவியது. "ஊறுகாயை எப்படி விட்டார்கள்?" என்று கேட்டேன். சுத்தமான சென்னைத் தமிழில் பதில் வந்தது: "பாட்டில்ல வெச்சா பிடுங்கிடுவாங்கம்மா. பூரி உள்ளயே தடவிடணும்."

அரைக் கிலோ கொடுத்துக் கற்ற பாடம் எனக்கு அப்போது விளங்கியது.

நான் புளிச்சோற்றைத் திறந்தேன். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாட்டி ஊறுகாய்ப் பூரி இரண்டை நீட்டினார். பதிலுக்குக் கடலைமிட்டாயைக் கொடுத்தேன். நிலக்கடலை சேராத குழந்தைகள் உண்டு என்பதால் முதலில் கேட்டுக்கொண்டேன். பேரப்பிள்ளைகள் பொட்டலத்தைக் காலி செய்வதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த மகள், ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டினாள். மனம் மாறினாள் என்று எழுத ஆசைதான். காலையிலிருந்து பட்டினி என்பதே உண்மை.

சோறு தரையில் சாப்பிடுவதைவிடப் பாந்தமாக இருந்தது. காரணம் இருக்கிறது. 2010 வாக்கில் லுஃப்தான்ஸா நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃப்ராவுன்ஹோஃபர் ஆய்வு நிலையம் நடத்திய ஆய்வில், விமானச் சூழலில் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மந்தமாகவும் புளிப்பு ஏறக்குறைய அப்படியேயும் தெரிவது கண்டறியப்பட்டது. வறண்ட காற்றும் குறைந்த அழுத்தமும் மணத்தை மங்கவைக்கின்றன. உப்பும் புளியும் தூக்கலாகப் போட்டால் சோறு கெடாது என்பது அம்மாவின் ரயில் கால அறிவு. அது ஆகாயத்துக்கும் பொருந்திவிட்டது.

டெல்லியில் வீட்டுக்கு வந்து சேர இரவு எட்டாகிவிட்டது. பெட்டியைத் திறந்தால் ஏழு பாலிதீன் உறைக்குள் நெத்திலிக் கருவாடு. எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள். தொலைபேசி உடனே வந்தது.

"பிள்ளைக சாப்பிட்டுச்சா?"

"மிச்சமே இல்லம்மா."

"ஊறுகா பாட்டில் உடையாம வந்துச்சா?"

மகள் என்னைப் பார்த்தாள். "வந்துச்சும்மா" என்றேன்.

"ஆச்சி, ரொம்ப நல்லாருந்துச்சு" என்று பக்கத்தில் வந்து கத்தினாள் அவள். பொய் சொல்லும்போது அவள் முகம் இப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். அடுத்த கோடையில் சப்பாத்திக்குள்தான் தடவவேண்டும்.