சரிந்து நின்ற வண்டி



பழைய சொகுசு ஜீப் ஒன்றை ஆசையால் வாங்கினேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடித் தேய்ந்த அரியலூர்ச் சாலைகளில் அது குலுங்காமல் சென்றது. சில மாதங்களில் காலைதோறும் ஒரு பக்கம் சரிந்து நின்றது. சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றுப்பைகளே அதனைத் தாங்குகின்றன. ரப்பரில் விரிசல் விழுந்து இரவெல்லாம் காற்று கசிந்தது. எஞ்சினை இயக்கினால் கம்ப்ரஸர் நிமிர்த்திவிடும். ஓயாது உழைத்து அதுவும் பழுதாகும் என்றார் மெக்கானிக்.

விற்க முடிவு செய்தேன். வாங்குபவர் வருமுன் எஞ்சினை இயக்கி வைத்தால் குறை தெரியாது. சாவியைத் தொட்டபோது, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்வு நினைவுக்கு வந்தது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே எனக் கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள்.

வண்டியைச் சரிந்தபடியே விட்டேன். வந்தவரிடம் அனைத்தையும் கூறினேன். விலையை வெகுவாகக் குறைத்தே வாங்கிச் சென்றார். நஷ்டம்தான், ஆயினும் அன்றைய இஷாத் தொழுகையில் நெஞ்சில் பாரமில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

இத்தகைய வண்டியை வாங்க விரும்பும் சகோதரர்கள், விடியற்காலையில், எஞ்சின் இயங்கும் முன் சென்று பாருங்கள். விற்பவர்களோ, அந்நேரத்திலேயே காட்டுங்கள்.