கிம்பர்லி காணி

விண்கல் தேடுபவர்கள் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் கன்சாஸில் உயிரியல் கற்பித்த ஹார்வி நினிங்கர் (உயர்தரத்தில் நானும் உயிரியல்தான்!) 1923இல் ஒரு தீக்கோளத்தைக் கண்டபின் ஊரூராகப் போனது விவசாயிகளிடம். பாரமான கறுத்தக் கல் கிடைத்தால் அறிவியுங்கள், விலை தருகிறேன் என்று கேட்டுத் திரிந்தார்.

வாப்பாவிடம் சொன்னேன். "உழுறவனுக்குத்தானே மகள் தெரியும், வயல்ல எந்தக் கல்லு புதுசென்டு" என்றார்.

ஆனால், கேட்க ஆளில்லாத காலத்திலேயே சொன்ன ஒரு பெண் அங்கே இருந்தார். எலைசா கிம்பர்லி பள்ளிப் பருவத்தில் ஒரு விண்கல்லைப் பார்த்தவர். கல்லே அரிதான அந்தச் சமவெளியில் தம் காணியில் கிடைத்த கறுத்தக் கற்களைக் குவித்து வைத்தார். கணவரும் அயலவரும் சிரித்தார்கள். அறிஞர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். வருடக்கணக்கில் எவரும் வரவில்லை. ஒரு கடிதத்துக்குப் பதில் வராவிட்டாலே சோர்ந்துவிடுகிறவள் நான். அவரோ ஒரு கல்லைக்கூட வீசவில்லை. 1890இல்தான் ஒரு பேராசிரியர் வந்து பார்த்தார். விண்கற்களேதான்! காசு கொடுத்து வாங்கிப் போனார்.

1933இல் நினிங்கர் தோண்டியதும் அதே கிம்பர்லி காணியில்தான். காட்டெருமைகள் புரண்ட பள்ளம் என்று சனங்கள் நினைத்திருந்த இடம், விண்கல் விழுந்த குழியாம்.