திருச்சிக்கு இடி எத்தனை மணிக்கு?

விமானப் பயிற்சியில் வானிலைப் பாடம் ஒரு பட்டியலோடுதான் தொடங்குகிறது. பி.ஆர். என்றால் பனிமூட்டம், எஃப்.ஜி. என்றால் அடர்பனி, டி.எஸ்.ஆர்.ஏ. என்றால் இடியுடன் மழை. வானத்தை எட்டுப் பங்காக்கி, ஒன்றிரண்டு பங்கு மேகம் இருந்தால் ஃபியூ, மூன்று நான்கு என்றால் ஸ்கேட்டர்ட், ஐந்திலிருந்து ஏழு வரை புரோக்கன், எட்டும் மூடிவிட்டால் ஓவர்காஸ்ட். விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் தேர்வுக்கு இதெல்லாம் மனப்பாடமாக வேண்டும். ஒரு வாரம் உட்கார்ந்தால் வந்துவிடும். அதற்குப் பிறகு தொடங்குவதைத்தான் நான் வாசிப்பு என்பேன். முன்னறிவிப்பில் உள்ள ஒவ்வொரு தொகுதியையும் வானிலையாளர் ஏதோ ஒரு காரணத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார். அந்தக் காரணம் பிடிபட்டால், பறக்கும்போது சன்னல் வழியே எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. பிடிபடாவிட்டால் கையில் இருப்பது வெறும் எண்கள்.

சேலத்தில் பயிற்சி பெறும் எங்களுக்குத் திருச்சி வழக்கமான கிராஸ் கன்ட்ரி. நேர்க்கோட்டில் சுமார் 70 கடல் மைல்; செஸ்னா 172-ல் முக்கால் மணி நேரம். ஆகஸ்ட் காலையில் திருச்சிக்கு வரும் டாஃப், அதாவது விமான நிலைய முன்னறிவிப்பு, பெரும்பாலும் இந்த வடிவத்தில் இருக்கும்:

டாஃப் வி.ஓ.டி.ஆர். 240200இசட் 2403/2412 25012கே.டி. 6000 எஸ்.சி.டி.018 பெக்கமிங் 2405/2407 26018ஜி28கே.டி. டெம்போ 2409/2412 3000 டி.எஸ்.ஆர்.ஏ. எஃப்.இ.டபிள்யூ.025சி.பி.

எங்கள் பயிற்றுநர் இதைப் பார்த்ததும் காற்றைக் கேட்கமாட்டார், மேகத்தைக் கேட்கமாட்டார். "எத்தனை மணிக்கு எழுதினதும்மா இது?" என்றுதான் ஆரம்பிப்பார். 24-ஆம் தேதி 0200 இசட். இசட் என்பது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம் காலை 7:30. செல்லுபடியாகும் காலம் 8:30 முதல் மாலை 5:30 வரை. "அப்போ எழுதினவர் எதைப் பார்த்திருப்பார்?" என்பது அடுத்த கேள்வி. விடிகாலை பலூன் கொண்டுவந்த மேல்காற்று விவரம், இரவு முழுக்க வந்த இன்சாட் படங்கள், கணினி மாதிரிகள் எல்லாம் அவர் முன்னால் இருந்திருக்கும். வெயில் ஏறிய பிறகு எழும்பும் மேகம் எதையும் அவர் பார்த்திருக்க முடியாது. மாலையைப் பற்றி அதில் உள்ளதெல்லாம் ஊகம், தேர்ந்த ஒருவரின் ஊகம். அந்த எண்களை அந்த வேளையில் மிகவும் சாத்தியமான மதிப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் மூன்றாம் இணைப்பே சொல்கிறது.

பெக்கமிங் தொகுதிக்கு வருவோம். காலை 10:30-க்கும் 12:30-க்கும் இடையில் காற்று 12 நாட்டிலிருந்து 18 நாட்டாக ஏறும், வீச்சு 28 வரை போகும் என்கிறது. ஏன் அந்த நேரத்தில்? ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று தரைக்கு மேலே இரண்டாயிரம் மூவாயிரம் அடியில் இரவு முழுக்க ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடப்பதால், மேலே ஓடும் காற்றால் கீழே இறங்க முடிவதில்லை. வெயில் ஏறித் தரை சுட்டதும் கீழ்க்காற்று எழும்புகிறது, மேலேயுள்ள வேகக்காற்று அதன் இடத்துக்கு இறங்குகிறது. 28 என்ற வீச்சு எண், இரண்டாயிரம் அடியில் நான் சந்திக்கப்போகும் காற்றைப் பற்றிய செய்தியும்கூட. காலை 9 மணிக்கு ஓடுபாதையில் சாந்தமாக இருக்கும் காற்றுறையைப் பார்த்து மேலேயும் அப்படித்தான் என்று நினைக்கக்கூடாது.

இந்த வகைத் தொகுதியைப் பொறுத்தவரை நான் வைத்திருக்கும் விதி எளிது. நிலைமை மோசமாகும் என்றால் அந்த இடைவெளியின் முதல் நிமிடத்திலேயே மோசமாகிவிட்டதாகக் கொள்வது. சீராகும் என்றால் கடைசி நிமிடம் வரை சீராகவில்லை என்று கொள்வது. ஆகவே எனக்கு 10:30-க்கே 28 நாட். திருச்சியின் ஓடுபாதை 09–27, காற்றுக்கு ஏறக்குறைய நேர் எதிரே இறங்கலாம், அங்கே கவலையில்லை. சேலத்தின் ஓடுபாதை 04–22. அங்கும் இதே காற்று வந்தால் 22-ல் இறங்கும்போது அது 40 டிகிரி கோணத்தில் வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். சைன் 40 ஏறக்குறைய 0.64. நிலையான காற்றுக்குப் பக்கவாட்டுக் கூறு 11 அல்லது 12 நாட், வீச்சுக்கு 18. செஸ்னா 172 கையேட்டில் செய்துகாட்டப்பட்ட பக்கக்காற்று 15 நாட். போகும் இடத்தின் முன்னறிவிப்பு திரும்பி வருவதைப் பற்றி எச்சரிக்கிறது. எட்டே காலுக்குக் கிளம்பி, திருச்சியில் இறங்கி, தேநீருக்குக்கூட நிற்காமல் பத்தரைக்குள் சேலத்தில் இருந்தாக வேண்டும். முடியாதென்றால் அன்றைக்குச் சுற்றுப்பறப்புப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எஸ்.சி.டி.018-ஐ மாணவர்கள் பலரும் '1800 அடியில் மேகம்' என்று வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது திருச்சி விமான நிலையத்தின் தரையிலிருந்து 1800 அடி. நிலையம் கடல் மட்டத்திலிருந்து 288 அடி. ஆக மேகத்தின் அடிப்பகுதி கடல் மட்டத்துக்கு மேல் 2100 அடிக்குச் சற்றுக் கீழே. அதே மேகத்தட்டு அதே உயரத்தில் சேலம் வரை நீண்டால், சுமார் 1000 அடி உயரத்தில் இருக்கும் எங்கள் தளத்துக்கு மேல் ஆயிரத்துச் சொச்சம் அடிதான் மிஞ்சும். கண்பார்வை விதிகளில் பறக்க, கட்டுப்பாட்டு வட்டத்துக்குள் மேகக்கூரை 1500 அடியும் பார்வைத் தூரம் 5 கிலோமீட்டரும் வேண்டும். ஸ்கேட்டர்ட் கூரை ஆகாது, உண்மைதான். ஆனால் ஐந்தாவது பங்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நேர்க்கோடோ கொல்லிமலை மேல் போகிறது, அது 4000 அடியைத் தாண்டிய மலை. மேற்குக் காற்று மோதும் பக்கத்தில் மேகம் அட்டையாக ஒட்டிக்கிடக்கும். மறுபக்கத்தில் காற்று சரிந்து விழும், சிறிய விமானத்தை அது உலுக்கி எடுக்கும். அதனால்தான் நாமக்கல் வழியாகக் காவிரிக்கு வந்து, ஆற்றை இடப்புறம் வைத்துக்கொண்டு திருச்சி போகிறோம். டாஃப் விமான நிலையத்தையும் அதைச் சுற்றிய எட்டு கிலோமீட்டரையும் பற்றியது. கொல்லிமலைக்கு யாரும் டாஃப் எழுதுவதில்லை.

இப்போது டெம்போ. மதியம் 2:30 முதல் 5:30 வரை அவ்வப்போது இடியுடன் மழை, பார்வைத் தூரம் 3000 மீட்டர். டெம்போ என்று போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக நீடிக்கும், எல்லாம் சேர்ந்து மொத்தக் காலத்தில் பாதிக்கும் குறைவாக இருக்கும் என்று பொருள். இங்கே மூன்று மணி நேரத்தில் ஒன்றரை மணிக்குள். சுற்றிச் சுற்றி வந்து காத்திருக்கும் எரிபொருள் பெரிய விமானத்திடம் உண்டு. எங்களிடம் இருப்பது மாற்று நிலையத்துக்குப் போய்ச் சேரும் அளவும் கொஞ்சம் கையிருப்பும். இடிமேகத்துக்கு முன்னால் வரும் கீழ்ச்சரிவுக் காற்றை இந்தச் சிறு இயந்திரத்தால் தாங்க முடியாது. அதனால் மாணவருக்கு டெம்போ இடி என்றால் இடி, அவ்வளவுதான்.

சில டாஃப்களில் நிகழ்தகவைச் சொல்ல வரும் ப்ராப் 30, ப்ராப் 40 என்பவற்றைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது சென்னை மீனம்பாக்கம் வானிலை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஒரு முற்பகல். 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் எழுதமாட்டார்கள். 50-ஐ எட்டினால் ப்ராப் போடாமல் நேரடியாகவே எழுதிவிடுவார்கள். இடையில் உள்ள அந்தக் குறுகிய இடத்தில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டேன். பணியிலிருந்த அதிகாரி அன்று காலைப் பலூனின் வரைபடத்தை என் பக்கம் திருப்பினார். வெப்பநிலைக் கோடும் பனிநிலைக் கோடும் கீழே நெருங்கியே போய், ஓரிடத்தில் சட்டென்று விலகின.

"கீழ ஈரம் போதுமான அளவு இருக்கும்மா. பத்தாயிரம் அடிக்கு மேல பாருங்க, காத்து காய்ஞ்சு கிடக்குது. எழும்புற மேகத்தை அது தின்னுரும். அதான் 40 போடல, 30."

"கடல்காத்து சீக்கிரமே வந்துட்டா சார்?"

"அப்போ மேகாத்தும் கடல்காத்தும் மோதுற இடம் மேற்கால தள்ளிப் போயிரும். அங்கதான் மொதல்ல எழும்பும். சாயங்காலத்துக்கு மேல நகர்ந்து இங்க வந்தாலும் வரும்."

அந்த உரையாடலுக்குப் பிறகு ப்ராப் 30-ஐப் பார்க்கும்போதெல்லாம் விலகிப்போகும் அந்த இரண்டு கோடுகள் நினைவுக்கு வருகின்றன. எதைக் கவனிப்பது என்பதும் சேர்ந்தே வருகிறது: கடற்கரை நிலையங்களின் மெட்டாரில், அதாவது அவ்வப்போதைய வானிலை நிலவர அறிக்கையில், காற்று எப்போது மேற்கிலிருந்து தென்கிழக்குக்குத் திரும்புகிறது, காரைக்கால், சென்னை ரேடார் படங்களில் முதல் புள்ளி எங்கே விழுகிறது.

தமிழகத்து இடிமழையைக் கேரளத்தை வைத்தும் படிக்கலாம். கொச்சியிலும் கோழிக்கோட்டிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்துப் பெய்கிறது என்றால் இங்கே காற்று பலமாக இருக்கும், மேகம் ஓடும், இடி குறைவு. அங்கே பருவமழை ஓய்ந்து வெயில் அடித்தால் நம் உள்மாவட்டங்களில் மாலையில் இடி இறங்கும். திருச்சி டாஃபில் இடி போட்டிருக்கும் நாளில் நான் கொச்சி மெட்டாரையும் திறந்து வைத்துக்கொள்வது அதற்காகத்தான்.

மெட்டாரைத் தனியாக ஒன்று மட்டும் படிப்பதில் பயன் குறைவு. பெரிய நிலையங்களில் அரை மணிக்கு ஒன்று வருகிறது. நான்கைந்தை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும். இதில் புதியவர்களைக் கலங்கடிப்பது அழுத்தம். காலை 10 மணிக்கு கியூ 1010, மாலை 4 மணிக்கு கியூ 1006. நான்கு மில்லிபார் இறங்கிவிட்டதே, வங்கக்கடலில் ஏதோ உருவாகிறதோ? இல்லை. நம் அட்சரேகையில் காற்றழுத்தம் தினமும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. காலை 10, இரவு 10 வாக்கில் உச்சம், அதிகாலை 4, மாலை 4 வாக்கில் தாழ்வு. மேலைநாட்டுப் பாடநூல்கள் இதற்கு அதிக இடம் தருவதில்லை, ஏனெனில் அங்கே கடந்துபோகும் புயல்கள் இந்த ஏற்ற இறக்கத்தை விழுங்கிவிடும். இன்றைய 4 மணியை நேற்றைய 4 மணியோடு ஒப்பிட வேண்டும். அப்போதும் மூன்று நான்கு மில்லிபார் குறைந்திருந்தால்தான் யோசிக்க வேண்டிய விஷயம். அதற்காக அந்த நான்கு மில்லிபாரை அலட்சியம் செய்யவும் கூடாது. காலையில் வைத்த எண்ணை மாற்றாமல் மாலையில் பறந்தால், உயரமானி காட்டுவதைவிடச் சுமார் 120 அடி தாழ்வாக இருப்போம்.

எழுதப்படாதவற்றையும் படிக்கத் தெரிய வேண்டும். எல்லா மாற்றத்துக்கும் டாஃபில் தொகுதி போடுவதில்லை. குறிப்பிட்ட வரம்பைக் கடந்தால்தான் போடுவார்கள். காற்றின் திசை 60 டிகிரியோ அதற்கு மேலோ மாற வேண்டும், அதுவும் வேகம் 10 நாட்டைத் தொட்டிருக்க வேண்டும். அல்லது வேகமோ, பலத்த காற்றில் வீச்சோ, 10 நாட் மாற வேண்டும். எட்டு நாட் காற்று முழுவதும் திரும்பினாலும் முன்னறிவிப்பு மௌனமாக இருக்கலாம். சோலோ பறக்கும் மாணவருக்கு ஓடுபாதையின் எந்த முனையில் இறங்குவது என்பதே அதனால் மாறிவிடும்.

குறியீட்டை நேரடியாகச் சாதாரண மொழியில் மாற்றித் தரும் செயலிகள் இன்று எல்லோர் கைப்பேசியிலும் உள்ளன. மாணவப் பருவத்தில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. விரித்து எழுதிய பத்தியில் ஒவ்வொரு சொல்லும் ஒரே எடையோடு கிடக்கிறது. குறியீட்டிலோ வீச்சைச் சொல்லும் ஒரு ஜி, இடிமேகத்தைச் சொல்லும் ஒரு சி.பி. கண்ணில் குத்துகிறது. ஐந்து நிலையங்களின் டாஃபை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் காற்று எங்கே திரும்புகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. திருத்தப்பட்ட டாஃப் வந்தால் பழையதை அழித்துவிடாமல் பக்கத்தில் வைத்துப் படிக்கவும் பழக வேண்டும். வானிலையாளர் எதில் மனம் மாறினார் என்பதை அந்த வித்தியாசம் மட்டுமே காட்டும்.

மார்கழி, தை மாதங்களில் பெங்களூரு பக்கம் போவதென்றால் பாடமே வேறு. இடி கிடையாது, முந்தின இரவில் வெப்பநிலையும் பனிநிலையும் எவ்வளவு நெருங்குகின்றன, காற்று அடங்குகிறதா, வானம் தெளிந்திருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தால் விடியற்காலை மூடுபனியை ஓரளவு கணித்துவிடலாம்.

பறந்தாலும் பறக்காவிட்டாலும், அன்றைய டாஃபை மாலை மெட்டார்களோடு ஒப்பிட்டுக் குறித்துவைப்பது எங்கள் குழுவில் பழக்கம். மேலே சொன்னது போன்ற ஒரு நாளில் திருச்சியில் இடி விழவில்லை. 5:30 வரை மெட்டாரில் மழையும் இல்லை. உடன் படிக்கும் ஒருவர் குறிப்பேட்டில் 'தவறு' என்று எழுதினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று பிற்பகல் மூன்றரைக்கு ரேடாரில் முதல் எதிரொலி கொல்லிமலை மேல் எழுந்தது, நாமக்கல்லைத் தொட்டுக்கொண்டு முசிறிப் பக்கம் நகர்ந்தது, எட்டு கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியிலேயே கரைந்தது. வானிலையாளர் சொன்ன நேரமும் சரி, காரணமும் சரி. இடம்தான் தப்பியது, அதுவும் எங்கள் பாதையின் மேலேயே தப்பியது. கொஞ்ச நேர வாக்குவாதத்துக்குப் பிறகு குறிப்பேட்டில் 'சரியா, தவறா' என்ற பத்தியை அடித்துவிட்டு இரண்டாகப் பிரித்தோம்: நிலையத்தில் என்ன நடந்தது, பாதையில் என்ன நடந்தது. இரண்டாவது பத்தியை நிரப்ப ரேடார் படங்களை அரை மணிக்கு ஒருமுறை சேமித்து வைக்க வேண்டியிருக்கிறது. இப்போது அதை முறைபோட்டுச் செய்கிறோம்.