எரிந்த இடமும் எரித்த இடமும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் நோக்கிப் போனால், தொழிற்சாலைகளுக்கு முன்னால் கல்லூரிகள் வருகின்றன. தண்டலத்தில் ராஜலட்சுமி, சவீதா பொறியியல் கல்லூரிகள். அடுத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்துவரும் ஹூண்டாய். தெற்கே ஒரகடத்தில் ரெனோ, அப்பல்லோ டயர்ஸ், டெய்ம்லர். இந்தப் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். உள்ளே கன்வேயரையும் கம்ப்ரசரையும் பம்பையும் ஓட்டுகிற மோட்டார்களைப் பற்றியோ, அவை நிற்காமல் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றியோ யாரும் பேசுவதில்லை. அவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஓர் ஆசிரியையைப் பார்க்கத்தான் தண்டலம் போனேன்.

கல்லூரி ஒன்றின் டிரைவ்ஸ் லேப். மாணவர்களோடு, ஆலைகளில் பராமரிப்பு வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன்கள் சிலரும் வந்திருந்தார்கள். ஒரு மாணவர் மெயினை அணைத்துவிட்டு, மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவின் மூடியைக் கழற்றப் போனார்.

“கையை எடுப்பா. மெயின் ஆஃப் பண்ணிட்டா உள்ள கரண்ட் இல்லைன்னு அர்த்தமில்ல.”

415 வோல்ட் மூன்று பேஸ் மின்சாரம் டிரைவுக்குள் டயோடுகள் வழியாக டிசி ஆகும்போது ஏறத்தாழ 585 வோல்ட். உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். ஆசிரியை டிரைவின் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கையைப் படிக்கச் சொன்னார். அதில் குறித்த நேரம் முடியும்வரை எல்லோரும் காத்திருந்தோம். பிறகு மீட்டர் வைத்து, வோல்டேஜ் இறங்கிவிட்டதை எல்லோரும் பார்த்த பின்தான் மூடி திறந்தது. பாடம் அங்கேயே தொடங்கிவிட்டது: அளக்காமல் தொடாதே.

டிரைவ் என்ன செய்கிறது என்பதை அவர் கரும்பலகையில் விளக்கினார். நான்கு துருவ மோட்டாரில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் எழுப்பும் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். மோட்டார் அதைச் சற்றுப் பின்தங்கித் துரத்தும். முன்பெல்லாம் ப்ளோயரில் காற்று குறைவாக வேண்டுமென்றால் டேம்பரை அரைவாசி மூடுவார்கள். மோட்டார் முழு வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். டிரைவ் அதிர்வெண்ணையே மாற்றி வேகத்தைக் குறைக்கிறது. ப்ளோயருக்கு வேண்டிய மின்திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் மாறுவதால், வேகத்தை 80 சதவீதமாக்கினால் தேவை ஏறத்தாழப் பாதியாகிவிடும். 1968இல் டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனம் விஎல்டி 5 என்ற பெயரில் இத்தகைய டிரைவைப் பெருமளவில் தயாரித்து விற்கத் தொடங்கியது. அதே நிறுவனத்துக்கு இன்று ஒரகடத்தில் ஆலை இருக்கிறது.

டிரைவ் தரும் இந்த மின்சார மிச்சத்துக்கு ஒரு விலை உண்டு. டயோடுகள் மின்னோட்டத்தைச் சீரான அலையாக இழுப்பதில்லை. துண்டு துண்டாக இழுக்கின்றன. அந்த உடைந்த அலைக்குள் 50 ஹெர்ட்ஸோடு 250, 350, 550, 650 ஹெர்ட்ஸ் அலைகளும் கலந்திருக்கின்றன. 5, 7, 11, 13ஆம் ஹார்மோனிக்ஸ் என்பவை இவைதான். மேல்மடையில் கலக்கிய சேறு கடைமடை வயலுக்கும் போவதுபோல, இவை ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் அத்தனை பேருக்கும் போகின்றன.

“டாங் டெஸ்டர்ல 40 ஆம்ப்ஸ்தான் காட்டுது மேடம். கேபிள் மட்டும் சுடுது” என்றார் நடுவயது எலெக்ட்ரீஷியன் ஒருவர்.

“மீட்டர் சொல்றதைவிட கேபிள் சொல்றதுதான் சரிங்கண்ணே.”

மின்னோட்டம் அளக்கும் சாதாரண டாங் டெஸ்டர் அலை சீராக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு கணக்கிடுகிறது. உடைந்த அலையைப் பிடித்தால் குறைத்துக் காட்டும். ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரையும் அதையும் ஒரே கேபிளில் மாட்டி இரண்டு எண்களையும் அவர் காட்டியபோது, அந்த எலெக்ட்ரீஷியன் பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அன்றைய பாடத்தின் மையம் கெப்பாசிட்டர் பேங்க். உயரழுத்த இணைப்பு வாங்கிய ஆலைகள் பவர் ஃபேக்டரை (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையாகப் பயன்படும் பங்கை) 0.90க்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். குறைந்தால் மின்வாரியத்துக்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டும். அதற்காகக் கெப்பாசிட்டர்களை மாட்டுகிறார்கள். மின்செலவைக் குறைக்க டிரைவ்களை மாட்டுகிறார்கள். இரண்டும் நல்ல முடிவுகள். இரண்டும் ஒரே பஸ்பாரில் சேரும்போதுதான் ஆபத்து.

அவர் போட்ட கணக்கு இது. 1,000 கேவிஏ டிரான்ஸ்பார்மர், இம்பிடென்ஸ் 5 சதவீதம். ஆக ஷார்ட் சர்க்யூட் திறன் 20,000 கேவிஏ. கெப்பாசிட்டர் 400 கேவிஏஆர். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 50. அதன் வர்க்கமூலம் 7.07. டிரான்ஸ்பார்மரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒத்ததிர்வு கொள்ளும் இடம் ஏழாம் ஹார்மோனிக்கின் தலைமேலேயே வந்து நிற்கிறது. டிரைவ் அனுப்பும் 350 ஹெர்ட்ஸ் பெருகிப் பெருகிக் கெப்பாசிட்டரை வீங்க வைக்கும், ஒருநாள் வெடிக்கும். புதிதாக மாட்டினால் அதுவும் வெடிக்கும். கெப்பாசிட்டரோடு 7 சதவீத ரியாக்டரைத் தொடராக இணைத்தால் அந்தக் கிளையின் ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, 250க்குக் கீழே பத்திரமாக ஒதுங்கிவிடும்.

“பேங்க் வெடிச்சா முதல்ல கேக்கற கேள்வி என்ன தெரியுமா சார்? டியூட்டில யாரு?” என்றார் என் பக்கத்தில் இருந்த இளைஞர். காண்ட்ராக்டில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்.

நான் கேட்டதிலேயே முக்கியமான பேச்சு அதுதான். எரிந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் பக்கத்தில் ஒரு தொழிலாளி நிற்கிறார். எரித்த இடமோ அடுத்த ஷெட்டில், யாரோ நல்லெண்ணத்தோடு வாங்கி மாட்டிய டிரைவில் இருக்கிறது. அளவு கையில் இல்லாவிட்டால் பழி ஆளின்மேல் விழும். அலைவடிவத்தைப் பதிவு செய்து வைத்தவருக்கு அது பாதுகாப்பு.

பேரிங் பழுதானாலும் பழி இப்படித்தான் ஆளின்மேல் விழுகிறது. பழுதான பேரிங் ஒன்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். உள்வளையத்தில் வரிவரியாகப் பள்ளம். கிரீஸ் போடவில்லை என்று பிட்டரைத் திட்டுவது வழக்கம். ஆனால் டிரைவின் ஐஜிபிடி சுவிட்சுகள் வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும்போது ஷாப்டில் வோல்டேஜ் ஏறி, பேரிங் வழியாகப் பொறியாய் இறங்குவதும் இப்படி வரி போடும். ஷாப்டுக்கு எர்த்திங் பிரஷ், ஒரு முனையில் இன்சுலேட்டட் பேரிங், ஒழுங்கான ஷீல்டு கேபிள் ஆகியவைதான் இதற்கு மருந்து.

ஆசிரியையின் மேசையில் ஆர். கிருஷ்ணன் 2001இல் எழுதிய மோட்டார் டிரைவ்ஸ் பாடநூல் இருந்தது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கில் பேராசிரியராக இருந்தவர் கிருஷ்ணன். தைரிஸ்டரில் ஓடும் டிசி டிரைவைப் பார்த்துப் படித்த இந்த ஆசிரியை, புத்தகத்தில் உள்ள சமன்பாடுகளை இருபதாண்டுகளாக ஆலைத் தரைக்கு இறக்கிக்கொண்டிருக்கிறார். ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். ஆனால் பழைய மாணவர் நள்ளிரவில் போனில் சொன்ன அளவுகளை வைத்துக் கோளாறைக் கண்டுபிடித்த கதைகளைத்தான் மகிழ்ச்சியோடு சொன்னார்.

விதிகள் இல்லாமல் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2007 ஒழுங்குமுறைகள், இணைப்புப் புள்ளியில் வோல்டேஜ் சிதைவு 5 சதவீதத்தையும் மின்னோட்டச் சிதைவு 8 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தன. வரம்பு மீறும் உயரழுத்த நுகர்வோரிடம் கட்டணத்தில் 15 சதவீதம் ஈட்டுத்தொகை வாங்கவும் தமிழ்நாட்டில் ஏற்பாடு உண்டு. ஆனால் அபராதம் நிர்வாகத்தின் கணக்கில்தான் ஏறும். அளக்கும் அறிவு கேபிளைத் தொடுகிறவரிடம் இருக்க வேண்டும்.

ஐடிஐக்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் பவர் அனலைசரைப் பயன்படுத்தும் பயிற்சி கட்டாயமாக வேண்டும். காண்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியனின் கருவிப் பையில் நல்ல மீட்டர் இருக்க வேண்டும்; அவர் எழுதிய அளவை இன்ஜினியர் மதித்துப் படிக்க வேண்டும். எரிந்த கெப்பாசிட்டரைச் சீக்கிரம் மாற்றிவிடலாம். எதனால் எரிந்தது என்று கேட்க நேரமும் கருவியும் படிப்பும் தேவை. இந்த மூன்றையும் தன் தொழிலாளிக்குக் கொடுக்கும் ஆலையே மோட்டாரையும் காக்கும், ஆளையும் காக்கும்.