துளிரை நம்பாதே

மாங்கன்றில் ஒட்டுக் கட்டப் பழகும் பிள்ளைகள் சில வாரங்களில் ஓடி வருவார்கள். "தாத்தா, துளிர் விட்டுருச்சு, ஒட்டுப் பிடிச்சுருச்சு!" நான் சொல்வது ஒன்றுதான்: "துளிர்தான் விட்டிருக்கு. பிடிச்சதான்னு பொறுத்துப் பார்ப்போம்."

தாய்மரத்திலிருந்து வெட்டிய குச்சி, தண்டுக்குள் கொஞ்சம் கட்டுச்சோற்றோடுதான் வருகிறது. வேர்ச்செடியாக நிற்கும் கன்றோடு சேராமலே அதைத் தின்று இரண்டு இலை விட்டுவிடும். சோறு தீர்ந்த பிறகும் இலை வாடாமல் நின்றால்தான், பட்டைக்கு அடியிலுள்ள பச்சைப் படலங்கள் இரண்டும் கூடி, கீழிருந்து தண்ணீர் ஏறுகிறது என்று பொருள். ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை கொட்டும் நம் அந்தமானில், வெட்டுவாயில் தண்ணீர் இறங்கினால் அழுகிவிடும். பாலித்தீன் நாடாவை இறுக்கிச் சுற்றுவது அதற்காகத்தான்.

வேர்ச்செடி சரியாக அமைந்தால் பலன் பெரிது. வெள்ளைக்கொழும்பான் மாவின் மேல் கட்டிய அல்போன்சா குட்டையாக நிற்கும். தமிழ்நாட்டில் சப்போட்டாவைப் பாலா மரக்கன்றில் கட்டுகிறார்கள்.

பேரிக்காய் நம் தீவில் வராது, அதற்கு நீலகிரி, கொடைக்கானல் குளிர் வேண்டும். ஐரோப்பாவில் அதை நெடுங்காலமாகக் குயின்ஸ் என்ற உறவு மரத்தின் வேரில் கட்டி வருகிறார்கள். மரம் குட்டையாகும், சீக்கிரம் காய்க்கும். ஆனால் பார்ட்லெட் என்ற பேரி ரகத்துக்கும் குயின்ஸுக்கும் ஒத்துவராது. குயின்ஸில் ஊறும் ஒரு பொருள் மேலேறி, பேரியின் பட்டையில் சிதைந்து சயனைடாக மாறி இணைப்பைக் கெடுக்கும். சில ஆண்டுகள் வளர்ந்த மரம்கூட ஒரு காற்றில் ஒட்டு வாயிலேயே முறிந்து விழலாம்.

தோட்டக்காரர்கள் அதற்கும் வழி கண்டார்கள். ஓல்ட் ஹோம் என்ற பேரி ரகம் குயின்ஸ், பார்ட்லெட் இரண்டோடும் ஒத்துப்போகும். அதன் தண்டை நடுவில் வைத்து, மேலே பார்ட்லெட்டைக் கட்டினார்கள்.

கப்பலேறிச் சென்னைக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். முதல் சில மாதம் எல்லாம் நன்றாகவே இருக்கும். அது வீட்டிலிருந்து கொண்டுபோன தெம்பு. அது தீர்ந்த பிறகு, அந்த ஊரிலிருந்து உங்களுக்குள் ஏதாவது ஏறுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊரையும் திட்டாதீர்கள், உங்களையும் நொந்துகொள்ளாதீர்கள். உங்களையும் தெரிந்து, அந்த ஊரையும் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். நம் தீவிலிருந்து முன்னாலேயே போன அக்காவோ அண்ணனோ இருப்பார்கள். நடுவில் ஒருவர் நின்று சேர்த்துவைப்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

ஆறு மாதம் கழித்து எனக்குப் போன் போடுங்கள். "நல்லா இருக்கேன் தாத்தா" என்பதோடு நிறுத்தாதீர்கள். காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தது யார் என்று சொல்லுங்கள். ஒட்டுப் பிடித்ததா இல்லையா என்று நான் தெரிந்துகொள்வேன்.