ஐந்து இலட்சத்தில் ஒரு குசினி

இணுவிலில் உள்ள எங்கள் பழைய வீட்டின் குசினியைத் திருத்துவதென்று இவ்வாண்டு தீர்மானித்தோம். குசினி என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. வீட்டோடு ஒட்டாமல் பின்வளவில் தனியே நிற்கும் ஓட்டுக்கூரை, தரையோடு ஒட்டிய அடுப்பு, புகை படிந்து கறுத்த பனஞ்சலாகைகள்: இவ்வளவுதான் அது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அடுப்பை அணைத்துவிட்டுப் போனோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோதும் அது நின்றது.

கையிருப்பு ஐந்து இலட்சம் ரூபா. ரொறன்ரோவிலுள்ள தம்பி பான்ரி அலுமாரிகளின் படங்களை அனுப்பினான். கடைக்காரர் சொன்ன விலை எங்கள் கையிருப்பின் இருமடங்கு. ஆண்டில் மூன்று கிழமை வந்து தங்குபவனுக்கு அது அழகு. எஞ்சிய நாளெல்லாம் அங்கே நிற்பவர் எழுபத்திரண்டு வயது அக்கா. அவரிடம் கேட்டேன்.

"எனக்குப் புகை போனாக் காணும் தம்பி. குனிஞ்சு குனிஞ்சு ஊதேலாது" என்றார்.

புகை சிறிய விடயமன்று. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி போன்றவற்றின் புகையால் 2020இல் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அப்படியானால் விறகை விட்டு எரிவாயுவுக்கு மாறலாமே என்பீர்கள். கொழும்பில் 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்றார்கள். வளவில் விழும் பனைமட்டையும் பொச்சும் அன்று பல வீடுகளில் உலை வைத்தன. ஆகவே இரண்டு அடுப்பும் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

பத்திரிகைப் பக்கம் அமைத்தவனுக்கு இது பழகிய கணக்கு. முக்கிய செய்தி முதலில். அழகுப் படம், இடம் மிஞ்சினால்.

முதலாவது புகைக்கூடு. அது கூரை முகட்டுக்கு மேலே உயரவேண்டும். தாழ்ந்திருந்தால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். அடுப்பைத் தரையிலிருந்து மேடைக்கு உயர்த்தி, 1980களில் இலங்கையில் உருவான 'அனகி' மண் அடுப்பை வைக்கிறோம். ஒரே நெருப்பில் இரண்டு பாத்திரங்கள் வேகும், விறகும் குறையும். மேடையின் உயரத்தை அக்காவை நிறுத்தி, அவர் முழங்கைக்கு நான்கு அங்குலம் கீழே அளந்தோம்.

இரண்டாவது தண்ணீர். கழுவும் தொட்டி பழைய சுவரிலேயே இருக்கும். குழாயை இடம் மாற்றினால் சுவரும் தரையும் உடைபட்டுக் கூலி இரட்டிக்கும். நமது நிலம் சுண்ணக்கல். கழிவுநீர் வெடிப்புகளூடாகக் கிணற்றை எளிதில் சேரும். எனவே வடிநீரைக் கிணற்றுக்கு எதிர்ப்பக்க வாழைகளுக்கு விடுகிறோம்.

மூன்றாவது கூரை. உக்கிய சலாகைகளை மட்டும் மாற்றி, ஓடுகளைத் திரும்ப வேய்ந்து, இரண்டு கண்ணாடி ஓடுகள் போட்டால் பகலில் விளக்கு வேண்டாம். அலுமாரிக்குப் பதில் சீமெந்துத் தட்டுகள், கறையான் தின்னாது. ஐம்பதினாயிரத்தைத் தொடாமல் வைத்திருக்கிறோம். பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்குமென்று மேசனுக்கே தெரியாது.

1926இல் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர், பிராங்பேர்ட் நகரின் குடியிருப்புகளுக்காக ஏறத்தாழ 6.5 சதுர மீற்றரில் ஒரு சமையலறையை வகுத்தார். ரயில் உணவுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்து, சமைப்பவரின் நடையைக் குறைப்பதே அவர் நோக்கமாயிருந்தது. இன்றைய பான்ரி அலுமாரிகளுக்கு அதுவே மூதாதை. தம்பி அனுப்பிய படங்களில் அலுமாரி இருந்தது, சமைப்பவரைக் காணவில்லை.

தரைக்கு மாபிள் பதிக்கப் பணம் எஞ்சாது. பழைய சீமெந்துத் தரை இன்னும் உறுதியாகவே இருக்கிறது. ஊரிலுள்ள வீட்டைத் திருத்தப் பணம் அனுப்பும் உறவுகளுக்கு ஒன்று சொல்வேன்: படம் அனுப்புமுன் அங்கே சமைப்பவருக்கு ஒருமுறை தொலைபேசி எடுங்கள்.